'இதோ வருகிறேன்மா' என்று சொல்லிவிட்டு வராத பிள்ளையிடம் வேலை வாங்குவது எப்படி?

சொன்னதைக் காதில் வாங்காத, வாங்கினாலும் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். வயது 7 முதல் 12 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லுக்கு எழுந்து போய்ச் செய்துவிட்டு வரும் பிள்ளை உங்களுக்கு வாய்த்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், இதைப் படிக்கத் தேவையில்லை. என் வீட்டில் இருப்பது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன் என்பதால் 'அவன்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். பெண் பிள்ளைக்கும் இதே முறைதான்.

நாங்கள் எத்தனையோ வழிகளில் மோதிப் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: இப்படிப்பட்ட பிள்ளையிடம் வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும். "இடத்தைச் சுத்தமாக வை" என்று சொன்னால், எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு "சுத்தம்" என்பான். அவன் கணக்கில் அது பொய்யில்லை.

செலவு அதிகமில்லை. 40 பக்க நோட்டு ஒன்று, சாவி கொடுத்துத் திருப்பும் சமையலறை டைமர் ஒன்று, கொஞ்சம் ஸ்டிக்கர், எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்குள் அடங்கிவிடும். நேரம்தான் கூடுதலாகச் செலவாகும். ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் பதிய எத்தனை நாள் ஆகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. அதுவும் தாமாக விரும்பிச் சேர்ந்த பெரியவர்களை வைத்துப் பார்த்த கணக்கு. '21 நாளில் பழக்கம்' என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். பள்ளி திறந்த முதல் வாரம் வேண்டாம். புதுப் புத்தகம், புது டீச்சர் என்று வீடே தலைகீழாக இருக்கும். செப்டம்பர் காலாண்டுத் தேர்வு, டிசம்பர் அரையாண்டுத் தேர்வு, தீபாவளிக்கு முந்திய வாரம், ஊரிலிருந்து உறவினர் வந்து தங்கியிருக்கும் நாட்கள் எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். ஜூன் கடைசியோ, காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி பழைய ஓட்டத்துக்கு வந்த பிறகோ தோதாக இருக்கும். மே மாத விடுமுறையில் தொடங்கினால் நன்றாகத்தான் போகும், ஆனால் ஜூனில் நேர அட்டவணை மாறியதும் எல்லாம் கலைந்துவிடும்.

1. முதல் வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள்

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: மணி, நீங்கள் சொன்ன வார்த்தை அப்படியே, அவன் செய்தது, அதற்குப் பிறகு நடந்தது. நான்காவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், உண்மை ஒளிந்திருப்பது அங்கேதான். 'மாலை 5:10. ஷூவை எடுத்து வை என்றேன். டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். மூன்று முறை கத்திவிட்டு நானே எடுத்து வைத்தேன்.' இதில் அவன் கற்றுக்கொண்டது என்ன? மூன்று முறை கத்தும் வரை பொறுத்திருந்தால் ஷூ தானாக ஸ்டாண்டுக்குப் போய்விடும் என்பது.

ஒரு வார நோட்டைப் புரட்டினால் உங்கள் பிள்ளை எந்த வகை என்று தெரிந்துவிடும். கேட்காததுபோல் இருப்பவன் உண்டு. எழுந்து போய் வழியில் வேறொன்றில் மாட்டிக்கொள்பவன் உண்டு. தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சமையலறைக்குப் போனவன் பால்கனியில் அணிலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பாதி செய்துவிட்டு முடிந்தது என்பவன் உண்டு. "செய்ய மாட்டேன், என்ன செய்வாய்?" என்று முகத்துக்கு நேராக நிற்பவனும் உண்டு. நடுவில் உள்ள இரண்டு வகைக்கும் நான்காவது, ஐந்தாவது படிகளே பெரும்பாலும் போதும். கடைசி வகைக்கு ஒன்பதாவது படியை இரண்டு முறை படியுங்கள்.

இந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் டாக்டரிடம் போக நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம் இதுதான்.

2. உடம்பை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்

6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு பதினொன்றுக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்திருக்கும் பிள்ளை மாலையில் முரண்டு பிடிப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணாடி தேவைப்படுகிறதா, இரத்தச்சோகை இருக்கிறதா என்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரு முறை காட்டிவிடுங்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளிக்கே மருத்துவக் குழு பரிசோதனைக்கு வரும். வந்த தேதியையும் சொன்னதையும் டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பசி. பள்ளியிலிருந்து வந்து ஏதாவது ஒரு வாய் சாப்பிடும் முன் எந்த உபதேசமும் ஏறாது. பெரியவர்களுக்கே ஏறாது.

3. ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் சறுக்குகிறது. உற்சாகத்தில் பத்து வேலை எழுதி, கலர் பேனாவில் அட்டவணை போட்டு, பிரிட்ஜில் ஒட்டுவோம். மூன்றாம் நாள் அந்தத் தாளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

எடுக்கும் வேலை தினமும் வருவதாக இருக்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் முடியவேண்டும். முடிந்ததா இல்லையா என்று யார் பார்த்தாலும் தெரியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் அதைச் செய்யாவிட்டால் அதன் சங்கடம் முதலில் அவனுக்கு வரவேண்டும். மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது, அடுப்பில் பாலைப் பார்த்துக்கொள்வது போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். அவன் மறந்தால் அவதிப்படப்போவது நீங்கள். அந்த அவதியில் கத்துவீர்கள். கத்தினால் திட்டம் அன்றோடு சரி.

7, 8 வயதுக்கு: படுத்த பாயையும் தலையணையையும் எடுத்து வைப்பது, தான் சாப்பிட்ட தட்டைக் கழுவும் இடத்தில் போடுவது, ஷூவையும் சாக்ஸையும் அதனதன் இடத்தில் வைப்பது. 9, 10 வயதுக்கு: தன் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டிலைக் கழுவுவது, மறுநாள் பையை அடுக்குவது, தன் துணியை மடித்து அலமாரியில் வைப்பது. 11க்கு மேல்: குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தூய்மைப் பணியாளர் வரும் நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, தினமும் கடைக்கு ஆள் போகும் வீடானால் தெருமுனைக் கடையில் சாமான் வாங்கி மீதிச் சில்லறையைக் கணக்கோடு ஒப்படைப்பது.

வீட்டில் பெண்ணும் பையனும் இருந்தால் பெண்ணுக்குப் பாத்திரம், பையனுக்குக் கடை என்று பிரிக்காதீர்கள். நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். பெண் பிள்ளை நாள் தவறாமல் செய்யும், பையனுக்குக் கடை வாரம் இரண்டு நாள்தான் வரும். தினம் நடக்காத வேலை பழக்கமாகாது.

4. 'முடிந்தது' என்றால் எது என்று எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் எடுத்தது டிபன் பாக்ஸ். வெள்ளிக்கிழமை கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தின் மீதியைத் திங்கள் காலை மூடியைத் திறந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று பள்ளிப் பிள்ளை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். பச்சையும் வெள்ளையுமாகப் பஞ்சு பூத்திருக்கும். ரப்பர் வளையத்தில் ஏறிய நாற்றம் எந்த சோப்புக்கும் போகாது.

"டிபன் பாக்ஸைக் கழுவு" என்று நாம் ஒரு வேலையாகச் சொல்கிறோம். பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஆறு வேலை இருக்கிறது: பையிலிருந்து எடுப்பது, மீதியைக் குப்பைக்கூடையில் தட்டுவது, மூடியிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றுவது, டப்பா, மூடி, வளையம், ஸ்பூன் நான்கையும் சோப்புப் போட்டுத் தேய்ப்பது, விரலால் தேய்த்தால் வழுக்காத வரை அலசுவது, ஸ்டாண்டில் கவிழ்த்து வைப்பது. இவனைப் போன்ற பிள்ளைகள் மூன்றாவதில் விழுந்துவிடுவார்கள். வளையம் இறுக்கமாக இருக்கும், நகம் போகாது. அங்கே விட்டுவிட்டுப் போவான். நமக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். ஸ்பூனின் காம்பால் நெம்பினால் வந்துவிடும் என்று ஒரு முறை காட்டிக் கொடுத்த பிறகு அந்த இடத்தில் நின்றதில்லை.

ஆகவே, வேலையை நீங்களே ஒரு தரம் மெதுவாகச் செய்து பாருங்கள், எங்கெங்கே கை மாறுகிறதோ அதையெல்லாம் எழுதுங்கள். பிறகு அவனை அருகில் நிறுத்திச் செய்யுங்கள். அடுத்த நாள் இருவரும் சேர்ந்து. அதற்கடுத்து அவன் செய்ய நீங்கள் பக்கத்தில், வாயைத் திறக்காமல். கடைசியில் முடிந்த நிலையை ஒரு போட்டோ எடுத்துக் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டுங்கள்: ஸ்டாண்டில் நான்கு பொருள், கவிழ்த்தபடி. தெருமுனைக் கடையில் கலர் பிரிண்ட் எடுக்க அதிகம் போனால் 20 ரூபாய். அதன்மேல் செல்லோடேப் போட்டுவிட்டால் தண்ணீரில் நனையாது. "கழுவினாயா?" என்று கேட்கவேண்டிய தேவை அதோடு போய்விடுகிறது. படத்தில் உள்ளதுபோல் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

ஒரு பொறி: தரத்தைப் பிறகு உயர்த்தாதீர்கள். நான்காம் நாள் "தொட்டியைச் சுற்றி ஏன் தண்ணீர்?" என்று ஆரம்பித்தால், என்ன செய்தாலும் அம்மாவுக்குப் போதாது என்று முடிவு கட்டிவிடுவான். தண்ணீரை நீங்களே துடைத்துவிட்டுப் போங்கள். அதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

5. கடிகாரத்தோடு கட்டாமல், நடக்கும் காரியத்தோடு கட்டுங்கள்

'மாலை 5 மணிக்கு' என்று வைத்தால் வேன் தாமதமாகும், டியூஷன் மாறும், மழை பெய்யும். தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒன்றைப் பிடித்து அதன் வாலில் இந்த வேலையைக் கட்டவேண்டும். எங்களுக்கு அமைந்தது இப்படி: வீட்டுக்கு வந்தவுடன் பை அவன் அறைக்குப் போகாது. நேராகச் சமையலறை வாசலுக்கு வரும். டப்பாவும் பாட்டிலும் வெளியே வந்த பிறகுதான் பை உள்ளே போகும். தின்பண்டம் அங்கேயே மேடையில் இருக்கும். தின்றுவிட்டுக் கழுவுவான். கழுவிய பிறகு கார்ட்டூன்.

கவனியுங்கள், கார்ட்டூன் இங்கே கூலியாக வரவில்லை. எப்படியும் அது அவனுக்குக் கிடைக்கத்தான் போகிறது. வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறோம். "கழுவினால் போன் தருகிறேன்" என்று புதிதாகப் பேரம் தொடங்கினால் அடுத்த மாதம் "இரண்டு மணி நேரம் போன் தந்தால் கழுவுகிறேன்" என்று எதிர்ப் பேரம் வரும். பிள்ளைகள் பேரத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

டைமர் எதற்கு என்றால், வேலைக்கு நடுவே நழுவிப் போகிற பிள்ளைக்கு. ஐந்து நிமிட வேலைக்குக் கொஞ்சம் தாராளமாக எட்டு நிமிடம் திருப்பி வைத்துவிட்டால் அந்த டிக் டிக் சத்தம் அவனை இழுத்துப் பிடிக்கும். போனில் உள்ள டைமர் வேண்டாம். போனைக் கையில் எடுத்தபின் எந்த வேலையும் நடக்காது, உங்களுக்கும்தான்.

6. சொல்லும் முறையை மாற்றுங்கள்

அடுக்களையிலிருந்து ஹாலுக்குக் குரல் கொடுப்பதை நிறுத்துங்கள். எழுந்து போங்கள். பக்கத்தில் நின்று, பெயரைச் சொல்லி, அவன் பார்த்த பிறகு ஒரே வாக்கியம்: "டிபன் பாக்ஸ் நேரம்." பிறகு ஐந்து வினாடி மௌனம். அந்த ஐந்து வினாடியில் நம் நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

"கழுவுகிறாயா?" என்று கேள்வியாகக் கேட்டால் "மாட்டேன்" என்பதும் ஒரு பதில்தான். "எத்தனை தடவை சொல்வது?", "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" வகை வாக்கியங்கள் எல்லாம் சண்டைக்கு அழைப்பு. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதும் வீண். அவனுக்கே தெரியாது. கேட்டால் ஒரு சாக்கு தயாரிப்பான், பிறகு அந்தச் சாக்கைப் பற்றி அரை மணி நேரம் வாதம் நடக்கும், டப்பா அப்படியே கிடக்கும்.

செய்து முடித்ததும் பாராட்டுவதும் குறிப்பாக இருக்கட்டும். "சமர்த்து, தங்கம்" என்பதைவிட "வளையத்தைக் கழற்றிக் கழுவியிருக்கிறாய்" என்று பார்த்ததைச் சொன்னால் போதும். பாராட்டின் வாலில் "இதையே தினமும் செய்தால் என்ன?" என்று குத்தாதீர்கள்.

7. காசு கொடுப்பதா, வேண்டாமா?

இதில் வீட்டுக்கு வீடு கொள்கை வேறுபடும். என் கருத்து: தன் தட்டு, தன் டப்பா, தன் துணி போன்ற சொந்த வேலைக்குக் காசு கூடாது. ஸ்டிக்கர் போதும், அதுவும் முதல் சில வாரங்களுக்கு மட்டும். வீட்டுக்காகச் செய்யும் கூடுதல் வேலைக்கு (பழைய செய்தித்தாளை அடுக்கிக் கட்டுவது, அப்பாவின் பைக்கைத் துடைப்பது) சின்னத் தொகை கொடுக்கலாம். 5 ரூபாயோ 10 ரூபாயோ, முன்கூட்டியே பேசிய தொகை, வேலை முடிந்த அன்றே, சில்லறையாகக் கையில். "நாளைக்குச் சேர்த்துத் தருகிறேன்" என்று தள்ளிப்போடும் பெற்றோருக்கு நாணயம் பற்றிப் பேச உரிமையில்லை.

அந்தக் காசு உண்டியலில் சேர்ந்ததும் 10 வயது நிறைந்த பிள்ளை என்றால் அஞ்சலகத்தில் அவன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 10 வயதுக்கு மேல் கணக்கை அவனே கையாள முடியும். எடுத்துப் போகவேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் ஆதார், பெற்றோரின் ஆதார், பான், இருவரின் பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்கள், எல்லாவற்றுக்கும் நகலும் அசலும். தொடங்கக் குறைந்தது 500 ரூபாய் வேண்டும். அதன்பிறகு 10 ரூபாய் கூடப் போடலாம். எடுக்கும்போது 50 ரூபாய்க்குக் குறையக் கூடாது. வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து போடாமலும் எடுக்காமலும் விட்டால் கணக்கு முடங்கிவிடும், ஆகையால் வருடத்தில் ஒரு முறையாவது போய்வாருங்கள். ஆதாரில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. மாதத்தின் முதல் வாரம் ஓய்வூதியக் கூட்டம் இருக்கும், இரண்டாம் வாரம் போங்கள். பாஸ்புக்கில் தன் பெயரைப் பார்க்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

8. வீட்டுப் பெரியவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்

எல்லாத் திட்டங்களையும் கவிழ்ப்பது அன்புதான். எங்கள் வீட்டில் அவனுடைய அப்பத்தா. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து வினாடி எண்ணிக்கொண்டிருக்கும்போதே, "படிக்கிற பிள்ளையைப் போய் பாத்திரம் தேய்க்கச் சொல்கிறாயே, கொடு சாமி நான் கழுவிவிடுகிறேன்" என்று டப்பாவை வாங்கிவிடுவார். அவரிடம் வாதம் செய்து வெல்ல முடியாது, வெல்லவும் வேண்டியதில்லை.

அவருக்கு ஒரு பதவி கொடுங்கள். ஸ்டிக்கர் ஒட்டும் அதிகாரம் முழுவதும் அப்பத்தாவுக்கு என்று அறிவித்தோம். டப்பாவைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மோந்து பார்த்து, பிறகுதான் ஒட்டுவார். கெடுபிடியில் நான் பக்கத்தில் நிற்க முடியாது. தப்பிக்க வழி கொடுத்தவரே தணிக்கை அதிகாரியானதும் பையனுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

கணவரிடமும் பேசிவிடுங்கள். ஒருவர் சொன்ன நிபந்தனையை இன்னொருவர் தளர்த்தக்கூடாது. எதிர்ப்பு இருந்தால் பிள்ளை தூங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம். "அப்பா வேலை செய்கிறாரா, நான் மட்டும் ஏன்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு வாயால் சொல்லும் பதில் எதுவும் செல்லாது. அப்பா தன் தட்டைத் தானே கழுவவேண்டும், வேறு வழியில்லை.

9. செய்யாத நாளில் என்ன செய்வது?

முதலில் ஒரு எச்சரிக்கை. இரண்டாவது வாரம் நிலைமை மோசமாகும். இதுவரை கத்தலோடு முடிந்து நீங்களே செய்துவிடுவீர்கள். இப்போது நீங்கள் செய்வதில்லை. பழைய வழி பலிக்காதபோது பிள்ளை அதையே இரண்டு மடங்கு வேகத்தில் முயன்று பார்ப்பான்: அழுகை, கதவை அறைதல், "நீ கெட்ட அம்மா". திட்டம் தோற்றுவிட்டது என்று பெரும்பாலோர் கைவிடுவது இந்த வாரத்தில்தான். இந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால், கதவை அறைந்தால் வேலை தப்பும் என்பதைப் புதிதாகக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

தண்டனை சிறியதாக, அன்றைக்கே முடிவதாக, வேலையோடு தொடர்புடையதாக இருக்கட்டும். டப்பா கழுவாவிட்டால் அன்று கார்ட்டூன் தொடங்காது. இரவு வரை கழுவாவிட்டால் மறுநாள் சாப்பாடு பழைய எவர்சில்வர் டப்பாவில் போகும், படம் போட்ட டப்பா கிடையாது. சாப்பாடு நிச்சயம் போகும். பட்டினி போடுவது, வாசலுக்கு வெளியே நிறுத்துவது, அடிப்பது, விருந்தாளி முன்னால் மானத்தை வாங்குவது எதுவும் வேண்டாம். அடித்தால் அன்றைக்கு வேலை நடக்கும். நாளைக்கு அடி விழும் வரை காத்திருப்பான். "ஒரு மாதத்துக்கு டிவி கிடையாது" என்று கோபத்தில் அறிவித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாமே படம் போடுவோம். நம் பேச்சுக்கு மதிப்பு போவது அப்படித்தான்.

"டீச்சரிடம் சொல்லி இரண்டு போடச் சொல்கிறேன்" என்பதும் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. டீச்சரிடம் கேட்கவேண்டியது வேறு: வகுப்பில் எப்படி இருக்கிறான், கொடுத்த வேலையை முடிக்கிறானா, பொருட்களைத் தொலைக்கிறானா என்று. பதிலை டைரியில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

நேருக்கு நேர் "மாட்டேன்" என்று நிற்கும் பிள்ளையிடம் தேர்வுரிமை கொடுத்துப் பாருங்கள். வேலையைச் செய்வதா வேண்டாமா என்பதில் இல்லை, எப்படி என்பதில். "தின்பதற்கு முன்னா, பின்னா?" "டப்பா முதலிலா, பாட்டில் முதலிலா?" இவன் பாட்டில் முதலில் என்றான். எனக்கு எது முதலில் கழுவினால் என்ன? அந்தச் சிறு அதிகாரம் கிடைத்ததும் பாதி வீம்பு இறங்கிவிட்டது.

10. இரண்டாவது வேலை

முதல் வேலை வாரத்தில் ஐந்து நாள் நினைவுபடுத்தாமல் நடந்தால் அடுத்ததைச் சேர்க்கலாம். ஏழு நாளும் நடக்கவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். தேர்வு வாரத்தில் முதல் வேலையை நிறுத்தவும் வேண்டாம், புதிதாக எதையும் சேர்க்கவும் வேண்டாம். ஊருக்குப் போய் வந்தால் இரண்டு மூன்று நாள் எல்லாம் மறந்துபோகும். நான்காவது படியில் சொன்னபடி ஒரு நாள் பக்கத்தில் நின்றால் திரும்ப வந்துவிடும்.

11. எப்போது வெளியே உதவி தேடுவது?

மேலே சொன்னதை இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை, பள்ளியிலும் இதே புகார் வருகிறது என்றால் பிள்ளையைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு நிபுணரிடம் காட்டுங்கள். கவனக்குறைவு மிகைச் செயல்பாடு என்று சொல்லப்படும் ஏடிஎச்டி இருக்கக்கூடும். அதை உறுதிசெய்ய, அறிகுறிகள் குறைந்தது 6 மாதமாக இருக்கவேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரியவேண்டும். வீட்டில் மட்டும் அடம், பள்ளியில் தங்கம் என்றால் அநேகமாக அது வேறு கதை. எழுதுவதும் படிப்பதும் மட்டும் தடுமாறினால் கற்றல் குறைபாட்டைச் சோதிக்கவேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பொதுத் தேர்வில் அதற்குச் சலுகைகள் உண்டு. பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருந்தால் சான்றிதழுக்கு அலைய நேரமிருக்காது.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் காட்டலாம். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் மாவட்ட அளவில் இருக்கின்றன, 18 வயது வரை கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

தனியார் மையங்களில் மதிப்பீட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: மதிப்பீடு எத்தனை அமர்வு, எழுத்து வடிவ அறிக்கை இந்தக் கட்டணத்துக்குள் வருகிறதா, அந்த அறிக்கையைப் பள்ளியும் அரசு மருத்துவமனையும் ஏற்குமா. முதல் நாளே 'நாற்பது அமர்வுத் தொகுப்பு' என்று முழுப் பணத்தையும் கேட்கும் இடத்தில் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

கோப்பில் இருக்கவேண்டியவை: முதல் படியில் எழுதிய நோட்டு, டீச்சர் எழுதித் தந்த குறிப்பு, கடந்த இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டை, எழுதிய பழைய நோட்டு இரண்டு (அழகாக எழுதியதும் கிறுக்கியதும்), பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, கண், காது பரிசோதனைச் சீட்டு, ஆதார் நகல். டாக்டர் பெரும்பாலும் பெற்றோருக்கு ஒன்றும் டீச்சருக்கு ஒன்றுமாகக் கேள்வித்தாள் கொடுப்பார். டீச்சரின் தாள் திரும்பி வரத்தான் அதிக நாள் ஆகும். ஆகையால் மே மாத விடுமுறைக்குச் சற்று முன்போ, டீச்சர் அவனைச் சரியாக அறிந்திராத ஜூனிலோ போகாமல், ஆகஸ்டிலோ ஜனவரியிலோ போவது நல்லது. அரசு மருத்துவமனை என்றால் வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான் தருவார்கள். எட்டு மணிக்குள் வரிசையில் நில்லுங்கள், பிள்ளைக்கு இட்லியும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போங்கள்.